மிக்கேலின் மூக்கும் ஜெசிந்தாவின் மிளகு ரசமும்

போர்ட் பிளேருக்கு லேசர் கருவி வந்து இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். முகத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போகவேண்டும் என்றிருந்த காலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இங்கே தோல் வைத்தியம் பார்த்தவள் நான். புதிதாக வந்திருக்கும் இளைய டாக்டர்கள் நீங்கள் அந்தக் கருவியைக் கல்யாணப் பெண் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருப்பதாகவும் கேள்வி. வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படி இயக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. எப்போது இயக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அதற்கு மிக்கேலின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மிக்கேல் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இளவயதிலேயே மீன்பிடிக்க இங்கே தெற்குத் தீவொன்றில் இருக்கும் ஹட்பேக்கு வந்தவர், சுனாமிக்குப் பிறகு குடும்பத்தோடு போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் குடியேறியவர். என்னிடம் வந்தபோது ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வாரம் முழுக்கத் தங்கி, சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிப் போகும் வேலை. சுனாமி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னதும் ஏதோ சட்டையைக் கழற்றச் சொன்னது மாதிரி கூச்சப்பட்டார்.

மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்து மேட்டிலும் மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளை கிளையாக ஓடின. நம் ஜனங்கள் இதை நரம்பு என்பார்கள். தோலுக்கு அடியில் விரிந்துபோன சின்ன ரத்தக்குழாய்கள்தான். மாநிறத் தோலில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம். நடுமூக்கு மொத்தமும் செக்கச்செவேல் என்றிருந்தது.

"இத அழிச்சிருங்க மேடம். இன்னைக்கே முடியுமா? நாளைக்கு நான் ஜேட்டில, படகுக்கிட்ட நிக்கணும்" என்றார்.

என்ன அவசரம் என்று கேட்டேன். ஒரு கெஸ்ட், படகுக்காரர் குடித்திருக்கிறார் என்று மேனேஜரிடம் புகார் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தினமும் காலையில் படகு கிளம்பும் முன்னால் மேனேஜர் வந்து, கெஸ்ட்டுகள் வரிசையாக நிற்க, "மூ கோலோ" என்பாராம். மிக்கேல் வாயைத் திறந்து ஊதிக்காட்ட வேண்டும். மற்றப் படகுக்காரர்கள் யாரும் ஊத வேண்டியதில்லை. ஒரு நாளும் வாடை வந்ததில்லை, ஆனாலும் மேனேஜருக்குத் திருப்தியில்லை. "மூஞ்சி சொல்லுதே" என்கிறாராம். சீசன் தொடங்குவதற்குள் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

குடிப்பீர்களா என்று கேட்டேன். கேட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் கேட்கிற தொனி என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் இதையும் கேட்க வேண்டும். குரலை ஒரு பிடி தாழ்த்தினால்கூட எதிரே இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார்.

"குடிச்சிருக்கேன். நல்லாவே குடிச்சிருக்கேன். சுனாமிக்குப் பெறகு தொட்டதில்ல."

நான் நம்பினேன். இந்த மாதிரிச் சிவப்புக்குக் குடிதான் காரணம் என்று ஊர் சொல்லும். குடித்தால் அதிகமாகும், வாஸ்தவம். ஆனால் வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத கன்னியாஸ்திரீகளுக்கும் இதைப் பார்த்திருக்கிறேன். வெயில், கடல்காற்று, சூடான டீ, காரம், கோபம், வெட்கம் எல்லாமே அந்தக் குழாய்களைத் திறந்துவிடும். நாள் முழுக்கத் தண்ணீர் மேல் நின்று, மேலேயும் கீழேயும் வெயில் வாங்குகிற மனிதருக்கு மூக்கு சிவக்காமல் என்ன செய்யும்?

அடுத்து நான் கேட்கிற கேள்வி, முகத்தில் என்ன தடவுகிறீர்கள் என்பது. அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சட்டைப்பையிலிருந்து நசுங்கிய டியூப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். சுனாமி நிவாரண கேம்பில் இருந்தபோது தகரக் கூரைச் சூட்டில் எல்லாருக்கும் வேர்க்குரு வந்து, யாரோ கொடுத்த கிரீமாம். தடவியதும் சிவப்பு ஓடிப்போயிற்று. அன்றிலிருந்து மெடிக்கல் ஷாப்பில் அதே டியூபைக் காட்டி வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறார். ஸ்டீராய்டு கிரீம். தடவுகிற அன்றைக்கு வெளுக்கும், தடவத் தடவத் தோல் மெலிந்து கோடு கூடும். சிவப்பை மறைக்க வாங்கிய மருந்தே சிவப்பை வளர்த்துக்கொண்டிருந்தது. விட்டால் முதல் சில வாரம் முகம் இன்னும் மோசமாகும் என்பதையும் சொன்னேன்.

"இன்னும் செவக்குமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அப்ப என் கத முடிஞ்சுது."

இதுதான் நெருக்கடி. எதிரே ஒருவர் இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள் என்று கையைப் பிடிக்கிறார். என் அலமாரியிலோ மெல்லிய மின்சார ஊசி இருக்கிறது. ஒரு கோட்டின் மேல் தொட்டால் அது சுருங்கி மறையும். அரை மணியில் பாதிக் கோடுகளையாவது சுட்டுத் தள்ளியிருக்கலாம், அவரும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் கிரீமால் மெலிந்த தோல் அது. சுட்ட இடமெல்லாம் குழியும் கறுப்புப் புள்ளியுமாக நின்றிருக்கும், சில மாதத்தில் பக்கத்திலேயே புதுக் கோடும் வந்திருக்கும். அவர் இன்னொரு யோசனையும் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கால் நரம்புக்கு ஊசி போட்டார்களாமே, அதை மூக்கில் போட்டால் என்ன என்றார். காலில் போடுகிற அந்த ஊசியை முகத்தில் போடக்கூடாது. மூக்குப் பக்கத்து ரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு, மூக்கைக் காப்பாற்றப் போய்க் கண்ணை இழக்க வேண்டியிருக்கும். லேசர்தான் நல்ல வழி, அதற்கு மெயின்லேண்ட் போகவேண்டும், அதுவும் தோல் தேறிய பிறகு.

ஆகவே அன்றைக்கு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கிரீமை நிறுத்தச் சொன்னேன், ஒரு ஜெல் எழுதினேன், அகலத் தொப்பி, வெயிலுக்குத் தடவும் களிம்பு, ஆறவைத்த டீ என்றேன். இது தோல் நோய், குடி இல்லை என்று மேனேஜருக்குச் சர்ட்டிபிகேட் தருகிறேன் என்றும் சொன்னேன்.

மிக்கேல் அதை வாங்க அவசரப்படவில்லை. தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மேனேஜர் சாபுக்கு நீங்க எழுதிருவீங்க. வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளுக்கு என்ன எழுதுவீங்க?"

மனைவி ஜெசிந்தா நம்பவில்லை என்றார். சண்டை போடுவதில்லை, ஒரு வார்த்தை கேட்பதுமில்லை. சனிக்கிழமைக் கப்பலில் வீட்டுக்கு வந்து நுழைகிறபோது வாசலில் நின்று மூக்கைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். "மேனேஜர் மூ கோலோன்னா தொறந்து காட்டிருவேன் மேடம். அவ வாயத் தொறக்கச் சொன்னாலாவது பரவால்ல. சும்மா பாத்துட்டுப் போயிருதா" என்றார். வேலை போனால் வேறு வேலை. அவருக்கு இந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

அவர்கள் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். சர்ட்டிபிகேட்டை அனுப்பியதோடு நிற்காமல் மேனேஜருக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், கடலில் ஆட்களை ஏற்றிப் போகிறவரைச் சோதிப்பது தப்பே இல்லை, ஆனால் மூக்கைப் பார்த்து ஆளைப் பொறுக்காதீர்கள், படகு ஓட்டுகிற அத்தனை பேரையும் ஊதச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனிதர் "டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டார். அவருக்கும் படகில் ஏறுகிற குழந்தைகளைப் பற்றிய பயம்தான், கெட்ட ஆள் இல்லை. எல்லாரையும் ஊதச் சொன்ன முதல் வாரத்திலேயே வேறு ஒருவர் மாட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மிக்கேலின் வேலை நிலைத்தது.

ஜெசிந்தா வந்தது தன் காலைக் காட்ட. அப்படிச் சொல்லித்தான் மிக்கேல் கூட்டி வந்திருந்தார், அந்த மட்டுக்கும் மனுஷர் கெட்டிக்காரர். ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நீலமும் ஊதாவுமாகச் சிலந்தி நூல் விட்டது மாதிரி மெல்லிய நரம்புகள். பெரிய நரம்பு எதுவும் புடைக்கவில்லை, வீக்கமில்லை. ஆபத்து இல்லை, கனம் தெரியாமல் இருக்க இறுக்கமான காலுறை போடலாம், அழகுக்காக வேண்டுமானால் சின்ன ஊசி போட்டு மறையவைக்கலாம் என்றேன்.

"எதுக்கு டாக்டரம்மா? என் கால யாரு பாக்கா" என்று புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மிக்கேல் மருந்துச் சீட்டோடு வெளியே போன நேரத்தில் ஜெசிந்தா சட்டென்று என் பக்கம் குனிந்தார்.

"அவுக மூக்க ஒண்ணும் செஞ்சிராதீக."

நான் திகைத்துப்போனேன். இத்தனை வருஷத்தில் கோட்டை எடுங்கள் என்று வந்தவர்கள்தான் உண்டு, இன்னொருவருடைய கோட்டை எடுக்காதீர்கள் என்று யாரும் வந்ததில்லை.

"அது போயிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பிறகு ஹட்பே காலையைச் சொன்னார். கிறிஸ்மஸுக்கு மறுநாள். முந்தின நாள் குடித்த மிக்கேல் கட்டிலில் பிணமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பூமி ஆடியபோதும் எழுந்திருக்கவில்லை. கடல் உள்வாங்கிவிட்டது என்று வெளியே ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"கன்னத்துல அடிச்சேன். தண்ணிய மூஞ்சில ஊத்துனேன். ம்ஹூம். பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கேன். ஒண்ணு பிள்ள, இல்லாட்டி அவுக. பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடிட்டேன். அவுகள விட்டுட்டு ஓடிட்டேன் டாக்டரம்மா."

முதல் தண்ணீர் வந்து இறங்கியதும் மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு மறுபடி கீழே போயிருக்கிறார். கட்டில் வாசலைத் தாண்டி வேலியில் சொருகிக் கிடந்தது. அதில் நனைந்துபோய் மிக்கேல் உட்கார்ந்திருந்தார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல். சட்டையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்திருக்கிறார். அடுத்த தண்ணீர் அதற்குப் பின்னால்தான் வந்தது.

"இன்னொரு தடவ அப்படி வாசல்ல நிக்க என்னால ஆகாது. அதுக்குத்தான் மூக்கப் பாக்கேன். செவந்திருந்தா அன்னைக்கு நான் தூங்க மாட்டேன். உக்காந்தே இருப்பேன்" என்றார்.

சனிக்கிழமை ராத்திரிகளில் இந்தப் பெண் சுவரில் சாய்ந்து விழித்தே உட்கார்ந்திருந்திருக்கிறார். கோபம் என்று மிக்கேல் நினைத்தது கோபமே இல்லை. பயம்.

சந்தேகம் தீர ஜெசிந்தா ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். வந்ததும் கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம் கொடுப்பாராம். குடித்தவனாக இருந்தால் ரசம் இறங்கியதும் முகம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. பாவம் மிக்கேல். மதியம் முழுக்கக் கப்பலின் மேல்தளத்தில் வெயில் காய்ந்துவிட்டு வருகிற அந்த மூக்குக்கு மேலே மிளகு ரசம் வேறு. ஒரு வாரமாவது அவர் அந்தப் பரீட்சையில் தேறியிருக்க முடியாது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, மிக்கேலை உள்ளே கூப்பிட்டேன். நர்ஸிடம் சொல்லி ஒரு டம்ளர் டீ, நல்ல சூடாக, வரவழைத்தேன். ஜெசிந்தா எதிரே உட்கார்ந்திருக்க, குடியுங்கள் என்றேன். "நீங்கதான ஆறவச்சுக் குடிக்கச் சொன்னீங்க" என்று முறைத்தார் மிக்கேல். இன்றைக்கு ஒரு நாள் டாக்டர் பேச்சைக் கேட்காதீர்கள் என்றேன்.

குடித்து முடிப்பதற்குள் மூக்கு நுனியிலிருந்து சிவப்பு கிளம்பியது. கோடுகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. கன்னம் வரைக்கும் ஏறியது. ஜெசிந்தா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கிளினிக் டீயில் தண்ணீரும் சர்க்கரையும் தவிர எதுவும் இருக்காது, டீத்தூள்கூடச் சந்தேகம்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப இத்தன நாளும்?" என்றார்.

"இத்தன நாளும் உன் ரசம்தான்" என்றார் மிக்கேல். டீ வருவதற்குள் ஜெசிந்தாவே ரசப் பரீட்சையை அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தார், அதுவரை அவருக்கு அது தெரியாது.

ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மிக்கேல் என்ன செய்வது என்று தெரியாமல் காலி டம்ளரை அவரிடம் நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, நான் எதிர்பார்க்காத கேள்வியை என்னிடம் கேட்டார்.

"அப்ப இனி எதப் பாத்து நான் தூங்க?"

பிள்ளைகளே, இதற்கு உங்கள் கருவியிலும் பதில் இல்லை, என் அலமாரியிலும் இல்லை. இருப்பது மாதிரி நடிக்காதீர்கள். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவரையே கேட்டுப் பாருங்கள், அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை என்றேன். நம்பிக்கைக்கு மருந்து எழுத முடிந்திருந்தால் நான் எப்போதோ பணக்காரியாகியிருப்பேன்.

கிரீமை விட்ட பிறகு மிக்கேலின் முகம் நான் சொன்னபடியே நெருப்பாக எரிந்து, மெல்ல மெல்ல அடங்கியது. தோல் தேறியதும் கண்ணை உறுத்துகிற கோடுகளை மட்டும், ஒரு தடவைக்குக் கொஞ்சமாக, மின்சார ஊசியால் தொட்டுச் சுருக்கினேன். ஆரம்பிக்கும் முன்னால் ஜெசிந்தாவைப் பார்த்து, எடுக்கட்டுமா என்று கேட்டேன். நோயாளி அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினார். மூக்கு மடலின் ஓரத்தில் ஓடிய இரண்டு தடித்த கோடுகளை நான் தொடவில்லை. அந்த இடம் குழி விழும். பிறகு வேளாங்கண்ணிக்குப் போகிற சாக்கில் மெயின்லேண்டில் லேசர் வைத்துக்கொள்கிறேன் என்று மிக்கேல் சொல்லிக்கொண்டிருந்தார், போனதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு நெடுநாள் அவர்கள் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மிக்கேலின் முகம் வெயிலில் கறுத்து, சாதாரணப் படகுக்காரர் முகமாக இருந்தது. மூக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஜெசிந்தாதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்து, மீன்குழம்புச் சாப்பாடு முடிந்து வீட்டில் எல்லாரும் படுத்திருந்தார்கள். ஹாஸ்டலில் அந்த வாரம் வேலை அதிகம், ஜெசிந்தா அடித்துப்போட்டது மாதிரி தூங்கிவிட்டார். அப்போது பூமி ஆடியிருக்கிறது. இங்கே அவ்வப்போது ஆடுவதுதான், உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும். அவருக்கு எதுவும் தெரியாது. யாரோ தோளைப் பிடித்து உலுக்குகிறார்கள். கண்ணைத் திறந்தால் மிக்கேல். ஒரு கையில் மகளைப் பிடித்திருக்கிறார். இன்னொரு கையில் ஜெசிந்தாவின் செருப்பு.

"எந்திரி, மேட்டுக்குப் போவோம்னாக. செருப்பக் கீழ வச்சி என் காலப் புடிச்சி மாட்டி விட்டாக. அப்புறந்தான் ஆட்டம் நின்னுபோச்சி, ஒண்ணும் இல்ல. ஆனா டாக்டரம்மா," என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அவுகதான் என்னய எழுப்புனாக. மூக்கப் பாக்கவே எனக்கு நேரமில்ல."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைக்க வேண்டுமே என்பதற்காக, காலுறை போடுகிறீர்களா, கால் எப்படி இருக்கிறது என்று அதட்டினேன். கால் கனம் குறைந்திருக்கிறது, கோடுகள் அப்படியே இருக்கின்றன என்றார். ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அத எதுக்கு இப்ப? என் கால யாரு பாக்கா."

கதவுப் பக்கம் நின்றிருந்த மிக்கேல் தொண்டையைச் செருமினார்.

"நான் பாக்கேன்லா" என்றார்.

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் மூக்கு சிவந்துவிட்டது. ஜெசிந்தா அந்தச் சிவப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை என் பக்கம் நீட்டினார்.